நான்கு பாலம் விட்ட வளையம்

நவம்பர் 17, திங்கள்

காலையிலிருந்து மழை. சிந்தாதிரிப்பேட்டைத் தெருவில் கணுக்கால் தண்ணீர். கடைக்குள் வரவில்லை, படியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. லிஃப்ட் கம்பெனிக்குப் பெயர்த்தகடு நாற்பது. பதினெட்டு முடிந்தது. மீதி நாளை, கரண்ட் இருந்தால்.

மதியம் ஜெசிந்தா கடைக்கு வந்தாள். (இனி ஜெ. என்றே எழுதுகிறேன். பெற்ற பெண்தான், இருந்தாலும் நாலு எழுத்து நாலு எழுத்துதான்.) ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஆனால் அவள் கடைப் பக்கம் வந்து மூன்று வருடம் இருக்கும். அடையாறு பக்கம் ஆராய்ச்சிக்கூடத்தில் பி.எச்டி., நாலாவது வருடம். நான் பத்தாவது, அதுவும் இரண்டாவது தடவையில்.

"அப்பா, ஒரு ஸ்டென்சில் வேணும். ரொம்பச் சின்னது."

"எவ்ளோ சின்னது?"

சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள்.

"தண்ணி லாரிக்கு நம்பர் வெட்டறவன்கிட்ட வந்து நகத்துக்குக் கேக்கறே."

"பெங்களூர்ல கேட்டா ஆறு வாரம்ங்கறான். எங்கிட்ட ஆறு வாரம் இல்லப்பா."

விஷயம், எனக்குப் புரிந்தவரை. காமா கதிர் என்று ஒன்று. கண்ணுக்குத் தெரியாது. அது எவ்வளவு சக்தியோடு வருகிறது என்று அளக்க ஒரு கல். கறுப்பு, பளபளப்பு, லூடோ பகடையைப் பாதியாக அறுத்த அளவு. கதிர் பட்டால் கல்லுக்குள் எலக்ட்ரான் ஒரு பக்கம் ஓடும், அது விட்டுவிட்டு வந்த ஓட்டை மறுபக்கம் நகரும். எலக்ட்ரான் சுறுசுறுப்பு. ஓட்டை சோம்பேறி, பாதி வழியில் உட்கார்ந்துவிடும். கல்லின் இரண்டு முகத்திலும் முழுசாகத் தங்கம் பூசி அளந்தால் சோம்பேறியையும் சேர்த்து எண்ண வேண்டி வருகிறது. கதிர் எந்த ஆழத்தில் பட்டதோ அதற்குத் தகுந்தாற்போல் கணக்கு மாறுகிறது. ஒரே சக்திக்கு ஒரே எண் வர வேண்டும், வருவதில்லை. படத்தில் ஊசி மாதிரி நிற்க வேண்டியது வாலை நீட்டிப் படுத்துக்கொள்கிறது. அதனால் ஒரு முகத்தில் முழுத் தங்கம், மறுமுகத்தில் நடுவில் சின்னப் புள்ளி மட்டும். கிட்டே வந்து சேருகிறவனை மட்டும்தான் புள்ளி எண்ணும்.

"புரியுதாப்பா?"

"கோயில் வாசல்ல நின்னு ஆள் எண்ணாதே, உள்ள பூசையில நன்மை அப்பம் வாங்கற இடத்துல நின்னு எண்ணுங்கறே."

"ஆமா. வெளியில ஸ்கூட்டர் மேல உக்காந்துக்கிட்டுப் பூசை பாக்கறாங்களே, அவங்கதான் ஓட்டை."

"அது நான்தானே?"

"நீதான்."

புள்ளியைச் சுற்றி இரண்டு மயிரிழை இடைவெளி. அதைச் சுற்றி ஒரு வளையம், அதுவும் தங்கம். கதிரே இல்லாதபோதும் கல்லின் பக்கச் சுவர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசிந்து வருமாம். அது புள்ளிக்குப் போகாமல் வளையம் பிடித்துக்கொள்ளும். பக்கக் கதவால் நுழைந்து வரிசையில் புகுகிறவனைக் கயிறு கட்டி நிறுத்துவார்களே, அப்படி.

கல் ஒன்றுதான். டிசம்பர் 12 புராஜெக்ட் முடிகிறது, அன்றைக்குக் கல் திரும்பிப் போய்விடும். அதற்குள் ஒரு நல்ல படம் வந்தால் கடைசி அத்தியாயம் உண்டு. வராவிட்டால் நாலு வருட வேலைக்கு முடிவு இல்லை. இதை அவள் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சரி, வெச்சிட்டுப் போ" என்றேன். லிஃப்ட்காரனிடம் சொல்கிற அதே குரலில்.

நவம்பர் 19, புதன்

ஜெ.யின் தகடு முடிந்தது. மெல்லிய எஃகு, விரலால் தட்டினால் தாள் மாதிரி சத்தம். முதல் தகடு எஃகை அரிக்கிற ஃபெரிக் தொட்டியில் ஒரு நிமிடம் அதிகம் ஊறி ஓரம் தின்றுபோனது. நான் அப்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைவில்லை. சுவராக இருக்கும். இரண்டாவது நன்றாக வந்தது. நடுத்துளை பூதக்கண்ணாடியில் பார்த்தால் நிலா.

வளையத்துக்கு நாலு பாலம். வட்டத்தை முழுசாக வெட்டினால் உள்துண்டு கழன்று விழும். அதனால் நாலு இடத்தில் வெட்டாமல் விட்டு, உள்துண்டை வெளித்தகட்டோடு பிடித்து வைக்க வேண்டும். அதைத்தான் பாலம் என்போம். வரைபடத்தில் முழு வளையம்தான் இருந்தது. எல்லோரும் முழுசாகத்தான் வரைந்து தருவார்கள். பாலம் போடுவது என் பாடு. முப்பது வருடமாக யோசித்துப் போட்டதில்லை. கை தானே போட்டுவிடும்.

நவம்பர் 20, வியாழன்

தகட்டைக் கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்தாள். நடுத்துளையை அளந்தாள், இடைவெளியை அளந்தாள். "சூப்பர்ப்பா." சாயங்காலம் வந்து, கைடு சாரும் பார்த்து ஓகே சொன்னதாகச் சொன்னாள்.

வாங்க: உளுந்து, டார்ச் செல், குடைக்கம்பி, கடையில் ஃபிலிம் கழுவ ஹைப்போ.

காஸ் சிலிண்டர் வந்துவிட்டதாக என் போனில் செய்தி, பிலோமினா பெயரில். செத்து எட்டு மாதமாகிறது, இன்னும் சிலிண்டர் வாங்கிக்கொண்டிருக்கிறாள். பெயர் மாற்ற வேண்டும். ஏஜென்சியில் என் மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும். அது ஒன்றும் கஷ்டமில்லை. மழைதான்.

நவம்பர் 23, ஞாயிறு

பூசை. உள்ளே உட்கார்ந்தேன், ஜெ. சொன்னதற்காக. பிறகு கல்லறைத் தோட்டம். காவல்காரன் சேவியர் கேட்டில் பிடித்துக்கொண்டான்.

"இன்னா அந்தோணி, ஊருக்கெல்லாம் தகடு அடிக்கிறே. அக்கா கல்லறைல இன்னும் மரக்கட்ட சிலுவதான் நின்னுகினு கீது?"

"ஆர்டர் நெறைய, சேவியர்."

"எட்டு மாசமாவா?"

"கஸ்டமர் அவசரப்படுத்தல."

சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், வருத்தமாக இருக்கிறதா என்று. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி. தொட்டால் தெரிகிறது. வேறு ஒன்றும் இல்லை.

தங்கம் பூசியாயிற்று, நாளை அளக்கிறார்களாம்.

நவம்பர் 25, செவ்வாய்

படம் சரியில்லை. ஊசி இல்லை, மூட்டைதான். ஜெ. போனில் கைடு சாரிடம் பேசியது கேட்டது. "லீக்கேஜ் ஜாஸ்தி சார்... ஆமா சார், ஈரம்தான்... நாளைக்குக் காயவெச்சிட்டு மறுபடி பாக்கறேன்." மழைக்காலத்தில் கல்லின் மேல் ஈரம் படிந்தால் கசிவு கூடுமாம்.

நான் பீரோவைக் குடைந்து, செருப்புப் பெட்டி, பெட்டிக்கடியில் இருந்த பைகள் எல்லாம் தேடி, ஈரம் உறிஞ்சுகிற அந்தச் சின்னப் பொட்டலம் பதினொன்று சேர்த்தேன். பிலோ கைப்பையில் மட்டும் மூன்று. ஜெ.யிடம் நீட்டினேன்.

"அப்பா, லேப்ல அது ட்ரம் ட்ரம்மா இருக்கு."

"இருக்கட்டும். நம்ம வீட்டுதையும் சேத்துக்கோ."

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

நவம்பர் 26, 27

லிஃப்ட் தகடு நாற்பதும் கொடுத்தாயிற்று. ஜெ. காயவைக்கிறாள், அளக்கிறாள், காயவைக்கிறாள். சாப்பாட்டில் உப்பு அதிகம், சமைத்தது நான். இருவரும் சாப்பிட்டோம்.

நவம்பர் 28, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாம்.

காலையில் இட்லிக்கு நடுவில் ஜெ. போனில் கல்லின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். கறுப்பு மேல் தங்கம், அழகாகத்தான் இருந்தது. நடுவில் புள்ளி. சுற்றி வளையம், நாலு துண்டாக. பாலம் இருந்த இடமெல்லாம் தங்கம் விழவில்லை. நாலு வாசல். கயிறு கட்டச் சொன்ன இடத்தில் நாலு வாசல் திறந்து வைத்திருக்கிறேன்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

"ம்."

சட்னி வேண்டுமா என்று கேட்டேன்.

கடையில் உட்கார்ந்து, சொல்லலாமா என்று பார்த்தேன். எல்லோரும் மழையைத் திட்டுகிறார்கள். மழை ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது, எழுதத்தான் வேண்டும். பயமா என்றால் பயமும் இல்லை. வாயைத் திறக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மார்ச்சிலிருந்து நிறைய விஷயம் இப்படித்தான் போகிறது.

நவம்பர் 29, சனி

தி. நகரில் தண்ணி லாரிக்காரர் ஒருவருக்கு ஸ்டென்சில் டெலிவரி. எட்டும் பூஜ்யமும் உள்ள நம்பர். பெயிண்ட் அடித்துப் பார்த்தார், முகம் சுளித்தார்.

"இன்னாப்பா இது, நம்பர் நடுவுல வெட்டு வெட்டா கீது?"

"அது அப்படித்தான் சார் வரும்."

"எட்டு எட்டாத் தெரியணும்ல?"

"தெரியுதே சார்."

"நீ வெட்டுனவன், உனக்குத் தெரியும். ரோட்ல போறவனுக்குத் தெரியணுமே."

முப்பது வருடமாகச் சொல்லும் பதில்தான். இன்று பனகல் பூங்கா வரை நடந்தும் அது வாயிலேயே இருந்தது. அப்படித்தான் வரும், அப்படித்தான் வரும். பதின்மூன்று நாள் இருக்கிறது. அவள் இன்னும் கல்லைக் காயவைத்துக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பூசை முடிந்து வரும் வழியில், கச்சேரி ரோடு தள்ளுவண்டியில் அவள் கொய்யா பொறுக்கிக்கொண்டிருந்தபோது.

"ஜெசி, அது மழை இல்ல."

"எது?"

"வளையம் நாலு துண்டா இருக்கு. பாலம் விட்டது நான். வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன். சொல்லல."

கொய்யாவைக் கீழே வைத்தாள். போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். வண்டிக்காரர், "எடுக்கறியா இல்லியாம்மா?" என்றார். அவளுக்குக் கேட்கவில்லை.

திட்டுவாள் என்று நின்றேன். கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"நான் எப்படிப்பா பாக்கல? தினமும் பாக்கறேன். நூறு தடவை பாத்திருப்பேன்."

"நான்தானே பண்ணேன்."

"அது இல்ல. எனக்கு வட்டம்னாலே அப்படித்தான் கண்ணுல படுது. முழுசாத்தான் தெரியுது எனக்கு."

உண்மைதான். பள்ளிக்கூடம் விட்டால் நேரே கடைக்குத்தான் வருவாள், ஸ்டென்சில் தகட்டை வைத்து எண் எழுதிப் பழகினாள். ஒன்றாம் வகுப்பில் பூஜ்யத்தை மேலேயும் கீழேயும் இடைவெளி விட்டே எழுதினாள். டீச்சர் பிலோவைக் கூப்பிட்டு அனுப்பினார். பிலோ வந்து என்னைத் திட்டினாள். ஆராய்ச்சிக்கூடத்தில் வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே பார்த்திருப்பார்கள். கைடு சாரிடம் அவள் காட்டியது தகட்டை மட்டும், தகட்டில் பாலம் இருந்தால்தான் அழகு. கல்லின் படத்தைப் பார்த்தவள் என் பெண் மட்டும்.

"வெள்ளிக்கிழமையே தெரியுமா?" என்று வீட்டு வாசலில் கேட்டாள்.

"தெரியும்."

"ரெண்டு நாள்ப்பா."

அது போதுமானதாக இருந்தது.

டிசம்பர் 2, செவ்வாய்

தங்கத்தை எடுத்துவிட்டு மறுபடி பூசலாமா? முடியாது. எடுக்கக் கல்லைத் தேய்க்க வேண்டும், ஏற்கெனவே இரண்டு முறை தேய்த்ததில் ஒரு மூலை உதிர்ந்திருக்கிறது.

வழி: இருக்கிற தங்கத்தின் மேலேயே இரண்டாவது பூச்சு. வேறு தகடு. எல்லாம் அதே அளவு, பாலம் மட்டும் அரைக்கால் சுற்று, அதாவது 45 டிகிரி, தள்ளி. முதல் தகடு மறைத்த இடத்தில் இது தங்கம் விடும், இது மறைக்கும் இடத்தில் பழைய தங்கம் இருக்கும். வளையம் மூடிவிடும். யோசனை ஜெ.யுடையது. நான் சொன்னதாகக் கைடு சாரிடம் சொல்லியிருக்கிறாள், எதற்கென்று தெரியவில்லை.

ஆபத்து: இரண்டாவது தகடு இரண்டு மயிரிழை நகர்ந்து உட்கார்ந்தால் வளையமும் புள்ளியும் ஒட்டிக்கொள்ளும். கல் அதோடு முடிந்தது.

தகடு இன்றே ஆரம்பித்துவிட்டேன். தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். சுவரைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன். தகட்டை நீயே வந்து வை என்று ஜெ. சொல்லிவிட்டாள். கேட்டில் பெயர், வேலை, யாரைப் பார்க்க. வேலை என்ற இடத்தில் "அப்பா" என்று எழுதிவிட்டேன். செக்யூரிட்டி அடித்துத் திருத்தச் சொன்னார்.

காலுக்கு உறை, தலைக்குத் தொப்பி, கைக்கு இரண்டு கிளவுஸ். கண்ணாடியில் பார்த்தால் பரோட்டா மாஸ்டர். பூச்சு மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் காதர் பாய், என் வயது.

"நீதான் அந்தோணி நைனாவா? உன் பாலம்தான் இங்க ஒரு வாரமா எல்லாரையும் காயப் போட்டுகினு இருந்துச்சு."

"மழைன்னு சொன்னாங்களே பாய்."

"மழை பாவம். கேக்க நாதி இல்ல."

பிடியில் கல். இரண்டு குச்சி நிற்கிறது, தகட்டின் இரண்டு துளை அதில் உட்கார வேண்டும். ஜெ. இடுக்கியை எடுத்தாள். கை நடுங்கியது. எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.

"நீ வைப்பா."

நான் எடுத்தேன். என் கை நடுங்கவில்லை. இந்த எட்டு மாதத்தில் எதற்கும் நடுங்கவில்லை, முதல் தடவையாக அது உபயோகப்பட்டது. தகட்டை இறக்கும் முன் அதன் மேல் ஒரு தூசி. வழக்கப்படி வாயைக் குவித்தேன். காதர் பாய் என் தாடையைப் பிடித்துவிட்டார்.

"இன்னா நைனா, ஊதப் போறியா? ஒரு சொட்டு எச்சில் போதும், பாப்பாவோட நாலு வருசம் காலி."

தாடையைப் பிடித்தபடியே நைட்ரஜன் குழாயால் தூசியைத் தள்ளினார். பிறகு விட்டார். நான் வைத்தேன். குச்சியில் தகடு உட்கார்ந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. ஜெ. மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இடைவெளி இருக்கு" என்றாள்.

கல்லைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து, அதிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, ஒரு துணுக்குத் தங்கத்தைச் சூடாக்கினார்கள். பளிச்சென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான், தங்கம் காணோம். "எங்க போச்சு?" என்றேன். "எல்லா இடத்துலயும்" என்றார் பாய்.

டிசம்பர் 6, சனி

பெருமழை. வீட்டுக்குள் துணி காயவில்லை. கல்லை ஒயர் கட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம், மின்சாரம் கொடுத்து இரண்டு நாள் அமைதியாக விட வேண்டும். வளையம் புள்ளியில் ஒட்டவில்லை, அது மட்டும் தெரியும். கசிவு குறைந்ததா என்று கேட்டால், "கேக்காதப்பா" என்கிறாள்.

கேட்கவில்லை. உளுந்து மறுபடி தீர்ந்துவிட்டது.

டிசம்பர் 9, செவ்வாய்

மழை விட்டது. பத்தரைக்கு ஜெ. போன். "அளக்கறோம், வரியா?" கடையை அப்படியே பூட்டிவிட்டு ஆட்டோ. கேட்டில் "தகடு வெட்டுபவர்" என்று ஒழுங்காக எழுதினேன்.

கல் ஈயப் பெட்டிக்குள். அதன் எதிரே சட்டைப் பொத்தான் மாதிரி ஒன்று, கதிர் அதிலிருந்துதான். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. முதல் அரைமணி நேரம் வேர்க்குரு மாதிரி. ஜெ. நகம் கடித்தாள். பிறகு வலது பக்கம் ஒரு இடத்தில் புள்ளிகள் கொஞ்சம் கூடின. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்தேன். எழுந்து போகத் தோன்றவில்லை. எங்கே உட்கார்ந்தாலும் இப்போதெல்லாம் பத்து நிமிடத்தில் எழுந்து போகத் தோன்றும்.

ஒரு மணிக்கு அது எழுந்துவிட்டது. குறுகலாக, நெட்டுக்குத்தாக. காதர் பாய் எட்டிப் பார்த்தார்.

"பாரு நைனா, ஊசி மாதிரி நின்னுகினு கீது."

கைடு சார் வந்து கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொண்டு பார்த்தார். இடது பக்கம் காட்டி, இன்னும் கொஞ்சம் வால் இருக்கிறது, அது கல்லோட குணம், இருக்கட்டும் என்றார். முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்தார்கள். அது மூட்டை, இது ஊசி. அத்தியாயத்தை எழுத ஆரம்பி என்று ஜெ.யிடம் சொன்னார். பிறகு என்னிடம், "பாலம் நீங்கதானா?"

"நான்தான் சார். ரெண்டு தடவையும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் டீ வாங்கக் கீழே போனேன். யாராவது போக வேண்டும்.

திரும்பி வந்தபோது ஜெ. வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள், கையில் போன்.

"அம்மாகிட்ட சொல்லணும்னு எடுத்துட்டேன்பா. பேரைத் தேடி எடுத்தும் வெச்சிட்டேன். அப்புறம்தான்..."

அழுதாள். சத்தமாக, சின்ன வயதில் அழுவது மாதிரி. அடக்கம் அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். தோளில் கை வைக்க வேண்டும், அது தெரிந்தது. இரண்டு கையிலும் டீ. கீழே வைத்துவிட்டு வைத்திருக்கலாம். அது இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்போது முழங்காலை அவள் தோளில் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவள் தலையை அதில் சாய்த்துக்கொண்டாள். பேன்ட் நனைந்தது. அந்த ஈரம் தெரிந்தது, முதலில் சூடாக, பிறகு ஜில்லென்று.

பிறகு எழுந்து, முகம் கழுவி, படத்தைப் பிரிண்ட் எடுக்க உள்ளே போனாள். டீ ஆறிவிட்டது. இரண்டையும் நானே குடித்தேன்.